களிமண் கொல்லையில் முள்ளங்கி: வருமா, வராதா?

மன்னார்குடி வாசகர் | நவம்பர் 22, 2024

டெல்டாக் களிமண்ணில் முள்ளங்கி வராது என்பது என் முடிவு. வருஷா வருஷம் போட்டுப் பார்க்கிறேன். இலை முழங்கால் உயரம் வருகிறது, பிடுங்கினால் கிழங்கு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. சிலது இரண்டு காலாகப் பிரிந்து நிற்கிறது. இது ஊட்டிக்காரர்களும் ஓசூர்க்காரர்களும் போட வேண்டிய காய். நாம் கத்தரி, வெண்டையோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. யாராவது மறுப்பீர்களா?

கோரையாற்றுக்காரி | நவம்பர் 22, இரவு

மறுக்கிறேன். நீடாமங்கலம் பக்கம், கோரையாற்றுக் கரை எங்களுக்கு. மண் உங்கள் ஊரைவிட மோசம். கோடையில் கொல்லை வெடிப்புக்குள் கரண்டி விழுந்தால் எடுக்க ஆள் வைக்க வேண்டும். அந்த மண்ணிலேயே முள்ளங்கி வருகிறது.

இலை கொழுத்துக் கிழங்கு சுருங்கினால் பொதுவாக மூன்றில் ஒன்றுதான் காரணம். நெருக்கமாக விதைத்திருப்பீர்கள். இல்லையென்றால் யூரியாவோ பச்சைச் சாணியோ போட்டிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் முருங்கைக்கும் வாழைக்கும் நடுவே நிழலில் பாத்தி போட்டிருப்பீர்கள். எந்தக் கணக்கு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த மாதம் விதைக்காதீர்கள். மழை ஓயட்டும்.

நவம்பர் 23

மூன்றும் உண்டு என்று பதில் போட்டிருக்கிறார். நேர்மையான மனுஷர்.

முதலில் நெருக்கம். நம் பக்கத்தில் எல்லோரும் கீரை விதைக்கிற கையாலேயே முள்ளங்கியையும் விதைக்கிறோம். தண்டங்கீரைக்கு மணல் கலந்து வீசுவது சரி, அதை இளசாகப் பிடுங்கிவிடப் போகிறோம். முள்ளங்கியில் ஒவ்வொரு செடிக்கும் தோள் விரிக்க இடம் வேண்டும். வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நான்கு அங்குலம். ஒரு கிராம் விதையில் ஏறக்குறைய நூறு விதை இருக்கும். நல்ல விதையானால் பெரும்பாலும் முளைத்துவிடும். ஒரு பாக்கெட்டை ஒரே பாத்தியில் கொட்டினால் அங்கே விளைவது முள்ளங்கிக் கீரைதான்.

அடுத்து உரம். பச்சைச் சாணியில் இரண்டு வினை. தழைச்சத்து மிஞ்சி இலைக்குப் போகும். இறங்கும் வேர் நுனி அரைகுறையாக மக்கிய கட்டியில் பட்டு கருகினாலோ நசுங்கினாலோ, பக்கத்திலிருந்து வேறு வேர் தடிக்கும். இரண்டு கால் முள்ளங்கி வருவது அப்படித்தான். கல், செங்கல் துண்டு, காய்ந்த மண்கட்டி எது தடுத்தாலும் அதே கதை.

நிழலுக்கு வைத்தியம் இல்லை. இடத்தை மாற்றுங்கள்.

நவம்பர் 23, சற்று நேரம் கழித்து

களிமண்ணைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டேன்.

பலரும் செய்வது, ஒரு முழம் பள்ளம் தோண்டி அதில் செம்மண்ணும் எருவும் நிரப்பி விதைப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. சுற்றிலும் இருக்கும் களிமண் தண்ணீரை உறிஞ்சாது, விடாது. பெய்த மழையெல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து தங்கும். நாலு நாளில் கிழங்கு அழுகி நாறும். எங்கள் பக்கம் கீழே போவதைவிட மேலே வருவதுதான் வழி. மேட்டுப்பாத்தி, குறைந்தது ஒரு அடி உயரம். ஓரத்துக்குத் தென்னை மட்டை போதும், செங்கல் அடுக்கினால் இன்னும் நல்லது.

அந்த ஒரு அடிக்குள் என்ன போடுவது? பாதி கொல்லை மண், உடைத்துப் புழுதியாக்கியது. மீதியில் ஒரு வருஷமாவது கிடந்த குப்பை எரு, இலைமக்கு, உமி. உமிக்கு நமக்கென்ன பஞ்சம்? அரவை மில்லில் கேட்டால் சாக்கோடு கொடுப்பார்கள். கருக்கின உமி இன்னும் நல்லது. மண்ணை நீண்ட நாள் இளக்கமாக வைக்கும், சீக்கிரம் மக்கிப் போகாது.

ஆற்று மணலைக் கலக்கலாமே என்பார்கள். களியில் கொஞ்சமாக மணல் கலந்தால் இளகாது. காய்ந்ததும் முன்னைவிடக் கெட்டியாகும். பாதிக்குப் பாதி கலந்தால்தான் குணம் மாறும். அவ்வளவு மணலுக்கு எங்கே போவது, வாங்கினால் என்ன விலை, அதைக் கொண்டுவரும் வண்டியை யார் மறிப்பார்கள் என்பதெல்லாம் முள்ளங்கிக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.

கொள்ளிடப் படுகையில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், உதிரி மண். விதையைத் தூவிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நவம்பர் 27

விடாமல் ஊற்றுகிறது. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இன்னும் அதிகம் என்கிறார்கள். சம்பா வயலெல்லாம் ஏரி.

மேட்டுப்பாத்திக்கு எவ்வளவு உயரம் என்று துல்லியமாகக் கேட்டவருக்கு: குடையை எடுத்துக்கொண்டு இப்போதே கொல்லைக்குப் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். நிற்கும் மட்டத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி ஆணியால் கீறி வையுங்கள். அதற்கு மேல் ஒரு சாண். அதுதான் உங்கள் வீட்டுக் கணக்கு. நான் முன்னே சொன்ன ஒரு அடி புத்தகக் கணக்கு, அது புத்தகம் எழுதியவர் வீட்டுக்கு.

டிசம்பர் 3

விதை ரகம் பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

கடையில் முள்ளங்கி விதை என்று கேட்டால் கையில் வருவதை எடுத்துக் கொடுப்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். நம் வெயிலுக்குப் பொருந்துவது பூசா சேட்கி. வெள்ளைக் கிழங்கு, சூடு தாங்கும், 40 முதல் 45 நாளில் எடுக்கலாம். ஜப்பான் ஒயிட் என்ற பெயரில் விற்பது குளிரை விரும்பும் ரகம். நீளமாக, காரம் குறைவாக, நன்றாகவே இருக்கும். ஆனால் கூடுதல் நாள் பிடிக்கும், வெயில் ஏறினால் முகம் சுளிக்கும். மார்கழி தொடக்கத்திலேயே போட முடிந்தால் அதைப் போடுங்கள். பூசா ஹிமானி என்று பார்த்தால் வைத்துவிட்டு வாருங்கள், பெயரிலேயே பனிமலை இருக்கிறது.

சிவப்பு உருண்டை முள்ளங்கி பிள்ளைகளுக்கு வேடிக்கை. ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். வேர் ஆழம் குறைவு என்பதால் மாடியில் தொட்டிக்கு அதுதான் தோது. நீளமான வெள்ளை ரகத்துக்குத் தொட்டியோ பையோ ஒரு அடி ஆழமாவது வேண்டும். ஆழமில்லாத பையில் போட்டால் அடியை இடித்துக்கொண்டு வளைந்துவிடும்.

பாக்கெட்டில் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி இருந்தால் அது பூஞ்சாண மருந்து. மிச்சத்தைக் கோழிக்குப் போடாதீர்கள். முளைகட்டித் தின்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள்.

டிசம்பர் 4

"ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொல்லியிருக்க, நீங்கள் மார்கழி என்கிறீர்களே" என்று ஒரு அண்ணன் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

அண்ணே, பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆடியில் அவரை போடுங்கள், பாகல் போடுங்கள், புடல் போடுங்கள். அவர்கள் முள்ளங்கி என்று பெயர் சொல்லிச் சொன்னார்களா? ஆடி, ஆவணி வெயிலில் சேட்கிகூட வரும். ஆனால் வாயில் வைக்க முடியாத காரத்தோடு வரும். புரட்டாசியில் போட்டால் கிழங்கு திரளும் நேரம் ஐப்பசி அடைமழையில் மாட்டும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் சரி, இந்த வருஷம் ஜூலை 28-இல் திறந்தார்களே, அப்படி இழுத்தாலும் சரி, அது வயலுக்கான காலண்டர். அடிபைப்புத் தண்ணீரில் ஓடும் கொல்லைக்கு மழையும் பனியும்தான் காலண்டர். மழை விட்டுப் பனி விழத் தொடங்கியதிலிருந்து மாசி வெயில் ஏறும் வரைதான் நமக்கு முள்ளங்கிக் காலம்.

டிசம்பர் 5

அண்ணன் சமாதானம் ஆகவில்லை. அவரை விதைத்திருக்கிறாராம்.

டிசம்பர் 14

திரும்பவும் ஒரு மழை அடித்து ஓய்ந்திருக்கிறது. அவசரப்பட்டு விதைத்தவர்கள் கடலைமாவு கரைத்து ஊற்றிய நிறத்தில் பாத்திப் படம் போட்டிருக்கிறார்கள். வருத்தம்தான். விதை மலிவு, திரும்பப் போடலாம். மேல்மண் ஏடு கட்டி இறுகியிருந்தால் களைக்கொட்டால் லேசாகக் கிளறிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் முளை முட்டி மேலே வராது.

வேறு ஒரு விஷயம். கடலோரத்துக்காரர்கள் இருவர், மணல் மண்ணாக இருந்தும் முள்ளங்கி குட்டையாக நின்றுவிடுகிறது என்கிறார்கள். என் தம்பிக்கு வேதாரண்யம் பக்கம்தான் வீடு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, வெட்டவெளியான இடத்தில் காய்கறி போட ஆரம்பித்தான். மண்ணைத் தொட்டால் மாவு. முள்ளங்கிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்கே பொறாமை. வந்தது விரல் நீளம், இலை ஓரம் காய்ந்து சுருண்டு. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தபோது தெரிந்துவிட்டது.

முள்ளங்கிக்கு உப்பு ஆகாது. மண்ணின் உப்பை அளக்கும் டெசிசீமன்ஸ் கணக்கில் 1.2-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். நெல் 3 வரை தாங்கும், பீட்ரூட் 4 வரை. உங்கள் தண்ணீர் உப்பு என்றால் முள்ளங்கியோடு மல்லுக்கு நிற்காமல் பீட்ரூட்டுக்கு மாறுங்கள். அதுவும் முளைக்கும் பருவத்தில் உப்பைத் தாங்காது, அந்தச் சில நாளைக்கு மட்டும் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். தம்பி அப்படித்தான் செய்கிறான். முள்ளங்கி எங்கள் வீட்டிலிருந்து போகிறது, பீட்ரூட் அங்கிருந்து வருகிறது.

டிசம்பர் 19

விதைத்தாயிற்று. மார்கழி பிறந்து வாசலில் பூசணிப்பூ வந்துவிட்டது, இனி மழை வந்தாலும் தூறலாகத்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை.

எப்படிப் போட்டேன் என்று கேட்பவர்களுக்காக. முந்தின நாள் மாலை பாத்தியை நனைத்துவிட்டேன். காலையில் சணல் கயிறு கட்டி, கயிறு ஓரமாகச் சுட்டுவிரலின் முதல் கணுவில் பாதி அழுந்தும் அளவுக்குக் குழி. குழிக்கு இரண்டு விதை. மேலே இலைமக்கைப் பொடித்துத் தூவினேன். கொல்லை மண்ணால் மூடினால் காய்ந்து ஓடாகிவிடும், முளை திணறும். பூவாளியால் தண்ணீர். குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும்.

அப்புறம் கோழி. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்வதில்லை. கிளறின மண்ணைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கோழிக்குத் திருவிழா. பழைய கொசுவலையை நாலு குச்சியில் கட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 23

முளைத்துவிட்டது. இதய வடிவத்தில் இரண்டிரண்டு இலை. பிசகில்லாமல் வரிசையாக நிற்கிறது. மன்னார்குடிக்காரர் இன்னும் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறாராம்.

டிசம்பர் 29

இன்று வீட்டில் சண்டை.

குழிக்கு இரண்டு முளைத்த இடத்தில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். மூன்றாம் இலை, நான்காம் இலை வரும்போது செய்தால் வேர்கள் பின்னிக்கொள்ளாது. நான் உட்கார்ந்து கலைத்துவிட ஆரம்பித்தேன். அத்தை பார்த்துவிட்டார்.

"நல்லாத்தானே நிக்குது, அதை ஏன் பிடுங்குறே?"

"ரெண்டும் நின்னா ரெண்டும் தேறாது அத்தை."

"எட்டுப் பிள்ளை பெத்த வீடு இது. எல்லாம் தேறிச்சு."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பிடுங்கினதைத் தூக்கிப் போட மாட்டேன் என்று சமாதானம் சொல்லி, அலசிக் கொடுத்தேன். பாசிப்பருப்பு அரைவேக்காடாக வேகவைத்து, சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்து, அந்தப் பிஞ்சுக் கீரையை ஒரு பிரட்டு. அத்தை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். "மிச்சம் இருக்கிறதையும் கலைச்சுடு" என்று உத்தரவு வேறு.

கலைக்கும்போது இழுக்காதீர்கள், பக்கத்துச் செடியின் வேரும் அசையும். நகத்தாலோ கத்தரியாலோ மண்மட்டத்தில் கிள்ளிவிடுங்கள். கிள்ளுவதற்குப் பதில் பிடுங்கி வேறு இடத்தில் நடலாமா என்று கேட்காதீர்கள். முள்ளங்கியைப் பெயர்த்து நட்டால் ஆணிவேர் முனை ஒடியும், கோணல் கிழங்குதான் மிஞ்சும்.

ஜனவரி 4, 2025

இலையில் சல்லடைக் கண். திருப்பிப் பார்த்தால் கரும்பச்சைப் புழு, கிட்டத்தட்ட கறுப்பு. விரல் பட்டதும் வட்டமாகச் சுருண்டு பொத்தென்று மண்ணில் விழுந்து செத்தது மாதிரி கிடக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்தால் எழுந்து நடக்கிறது. பலே நடிப்பு.

இது கடுகு வாள் ஈயின் புழு. கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ் எல்லாம் ஒரே குடும்பம், அதனால் எல்லாவற்றையும் தின்னும். குளிர்காலப் பூச்சி. தாய் ஈயின் வால் பக்கம் ரம்பம் இருக்கும், அதால் இலை ஓரத்தைக் கீறி உள்ளே முட்டை வைக்கும்.

இதைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. புழு என்றதும் மருந்துக்கடையில் பேசில்லஸ் பாக்டீரியா மருந்தை நீட்டுவார்கள். அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வகைப் புழுவுக்கான மருந்து. வாள் ஈ அந்த இனமே இல்லை, குளவிக்கு உறவு. அடித்தாலும் அது பாட்டுக்குத் தின்னும். எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றுப் பகுதியில் இருக்கும் கொழுத்த பொய்க்கால்களை எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சி வகைப் புழுவுக்கு ஐந்து ஜோடிக்கு மேல் இருக்காது. இதற்கு எட்டு ஜோடி. கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ண வேண்டும்.

கொல்லை அளவுக்குக் கைதான் மருந்து. விழுந்து நடிக்கும் குணம் இருக்கிறதே, அதையே பயன்படுத்துங்கள். செடிக்குக் கீழே சோப்புத் தண்ணீர் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டினால் போதும், தானாக உள்ளே விழும். பாத்தி பெரிது என்றால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் தெளியுங்கள்.

ஜனவரி 5

சாம்பல் தூவலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தூவலாம், பனி இருக்கும்போதே, விடியற்காலையில். ஆனால் எந்தச் சாம்பல் என்று பாருங்கள். உமிச்சாம்பல் பெரும்பாலும் மணல்சத்து, பயப்பட ஒன்றுமில்லை. விறகுச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, தினம் தினம் கொட்டினால் மண் கெடும். நம் களிமண் பல இடத்தில் ஏற்கெனவே காரப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

ஜனவரி 13

போகி. வீட்டில் எரிக்க எதுவும் இல்லை, பழைய கொசுவலையை எரிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

பொங்கல் கூட்டுக்குப் பரங்கி, அவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு எல்லாம் வந்து இறங்கிவிட்டது. முள்ளங்கிக்கு அந்தச் சட்டியில் இடம் கிடையாது. எங்கள் தெருவில் சில வீடுகளில் விரத நாளென்றால் வெங்காயத்தோடு சேர்த்து முள்ளங்கியையும் ஒதுக்குவார்கள். வாசனைதான் காரணமாக இருக்கும். மறுநாள் அதே வீடுகளிலிருந்துதான் "முள்ளங்கி ஆயிடுச்சா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வரி: பண்டிகை என்று இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சாதீர்கள். காய விட்டுக் கொட்டினால் கிழங்கு வெடிக்கும். தினம் கொஞ்சம், அளவாக.

ஜனவரி 20

தை மாதத்தில் மழை. அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்துவிட்டது. முள்ளங்கி பற்றி எழுத மனம் வரவில்லை. மேட்டுப்பாத்தி தப்பித்தது. வயலை மேட்டுப்பாத்தி ஆக்க முடியாது.

ஜனவரி 29

முதல் பிடுங்கல்.

எப்போது பிடுங்குவது என்று கடந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பாக்கெட்டில் போட்ட நாள் ஒரு கணக்கு. செடி சொல்வது இன்னொரு கணக்கு, அதை நம்புங்கள். சேட்கிக்குக் கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கும். மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தால் எவ்வளவு பருமன் என்று தெரியும். ஒன்றரை அங்குலம் வந்தால் எடுக்கலாம்.

முந்தின மாலை தண்ணீர் விட்டுவிடுங்கள். களி கலந்த மண்ணில் காய்ச்சலாக இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே சிரிக்கும். இலையை நுனியில் பிடிக்காமல், கிழங்கோடு சேரும் கழுத்தில் கொத்தாகப் பிடித்து, அரைத் திருகு திருகி நேராகத் தூக்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் களைக்கொட்டை ஒரு சாண் தள்ளி இறக்கி நெம்புங்கள். எடுத்தபோது வரும் வாசனை, ஈர மண்ணும் கடுகும் கலந்த காரம், மூக்கில் ஏறும். சிறு வேர்களில் கருக்கின உமி ஒட்டிக்கொண்டே வந்தது. கழுவினால் மூன்று நிறம்: தோளில் லேசான பச்சை, நடுவில் வெள்ளை, வால்பக்கம் கண்ணாடி நிறம்.

எடுத்த கையோடு இலையை அறுத்துவிடுங்கள். இலை இருந்தால் கிழங்கின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மாலைக்குள் ரப்பர் மாதிரி வளையும். மார்க்கெட்டில் இலையோடு அழகாகக் கட்டி வைத்திருப்பது கண்ணுக்கு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அறுப்பதுதான். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

ஜனவரி 30

பெரிதாக வளரட்டும் என்று மண்ணில் விட்டு வைக்கலாமா? இந்தக் கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது.

வைக்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. கத்தரிக்காய் நாலு நாள் செடியில் இருந்தால் விதை முற்றும், அவ்வளவுதான். முள்ளங்கி தன் சேமிப்பையெல்லாம் பூவுக்காகக் கரைக்கத் தொடங்கிவிடும். வெளியே பார்க்கப் பெரிதாக, பளபளவென்று இருக்கும். வெட்டினால் உள்ளே தஞ்சாவூர் நெட்டிவேலைக்கு எடுத்துவைத்த தண்டு: வெள்ளையாக, கனமே இல்லாமல், பஞ்சாக. அதில் பிள்ளையார் செதுக்கலாம், சாம்பார் வைக்க முடியாது.

பிடுங்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வெளிச்சுற்று இலை ஒன்றை அடியோடு ஒடித்து, காம்பின் வெட்டைப் பாருங்கள். கெட்டியாக, நீர் நிறைந்து இருந்தால் கிழங்கும் அப்படி. காம்பின் நடுவே பஞ்சோ ஓட்டையோ தெரிந்தால் கிழங்கும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. தாராசுரம் மார்க்கெட்டில் இலையோடு வாங்கும்போதும் இதைச் செய்யலாம். கடைக்காரர் முறைத்தால் நான் பொறுப்பில்லை.

வெட்டினால் நடுவில் பழுப்பாக இருக்கிறது என்று படம் போட்ட அக்காவுக்கு: அது முற்றல் இல்லை, பெரும்பாலும் போரான் சத்துக் குறைவு. எரு கூட்டுங்கள்.

ஜனவரி 30, இரவு

காரம் பற்றி ஒன்று சேர்க்க மறந்தேன். முள்ளங்கி முழுசாக இருக்கும்போது அதில் காரம் கிடையாது. காரத்துக்கான மூலப்பொருள் ஒரு அறையில், அதை உடைக்கும் நொதி இன்னொரு அறையில். கத்தி பட்டதும் இரண்டும் கலந்து கடுகெண்ணெய் வகைக் காரம் உண்டாகிறது. தோல் பக்கம் அதிகம். வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வளர்ந்த கிழங்கில் இன்னும் அதிகம். காரம் வேண்டாதவர்கள் தோலைத் தடிமனாகச் சீவுங்கள், கொதிக்கிற தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடியுங்கள். சாம்பாருக்குப் புளி ஊற்றுவதற்கு முன்னால் வேகட்டும். புளியில் போட்டால் நறுக்கென்றே நிற்கும்.

பஸ்ஸில் நெடுந்தூரம் போகிற நாளில் முள்ளங்கி சாம்பார் வேண்டாம். காரணம் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 12

மன்னார்குடிக்காரர் படம் போட்டிருக்கிறார். நேராக, ஒரே காலாக, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக. வாழ்த்துகள். கூடவே ஒரு செய்தி: மாசி மகத்துக்கு மகள் குடும்பம் கும்பகோணம் வருகிறதாம், அதுவரை மீதியை மண்ணில் வைத்திருக்கப் போகிறாராம்.

சார், மேலே ஜனவரி 30-இல் எழுதியதைப் படிக்கவே இல்லையா? மகத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்ததுதான் சிக்கல். வாரத்துக்கு ஒரு வரிசை என்று போட்டிருந்தால் தை முழுக்கவும் மாசி பாதி வரையும் இளசாக வந்துகொண்டே இருக்கும். இப்போது செய்யக்கூடியது: பிடுங்குங்கள். வில்லை வில்லையாக நறுக்கி எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் போட்டு ஊறுகாய் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது போதும்.

பிப்ரவரி 14

பிடுங்கிவிட்டாராம். இரண்டு மட்டும் விட்டிருக்கிறாராம், "பாசத்துக்கு".

மார்ச் 2

பாசத்துக்கு விட்டவர்களுக்காக இந்தக் குறிப்பு. நானும் பாத்தி ஓரத்தில் நாலைந்தை வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

நடுவிலிருந்து தண்டு கிளம்பி இடுப்பு உயரம் வந்துவிட்டது. நாலு இதழ்ப் பூ, வெள்ளையில் ஊதா நரம்பு. காலையில் தேனீ மொய்க்கிறது. இந்தப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அடுத்த செடியிலிருந்து வர வேண்டும். அதனால் ஒற்றைச் செடியை விட்டு விதைக்குக் காத்திருக்காதீர்கள். நாலைந்தாவது வேண்டும். மன்னார்குடியில் இருக்கும் இரண்டு ஒப்பேறுமா என்பது அந்த இரண்டுக்கும் இருக்கும் பொருத்தத்தைப் பொறுத்தது.

பூ உதிர்ந்ததும் பச்சைக் காய் விடும், விரல் நீளம், நுனி கூர். பிஞ்சாகப் பறித்துத் தின்று பாருங்கள். கிழங்கின் காரம்தான், நறுக்கென்று இருக்கும். வடக்கே இதற்காகவே ஒரு ரகம் வளர்க்கிறார்கள், மோக்ரி என்பார்கள். நான் கடுகு தாளித்து, தேங்காய்த் துருவலோடு பொரியல் செய்தேன். அத்தை இதற்கும் முதலில் "இதையெல்லாமா தின்பாங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

விதைக்கு விடுவதானால் காய் வைக்கோல் நிறத்துக்கு வரும் வரை செடியிலேயே காயட்டும். கடுகுக் காய் போல வெடித்துச் சிதறாது, அவசரமில்லை. உள்ளே நெட்டி போலப் பஞ்சாக இருக்கும் தோலை அடித்துத்தான் விதையை எடுக்க வேண்டும். சாக்கில் போட்டு மிதியுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்தது தாய் மாதிரி வராது. சேட்கி மாதிரி ரகமாக இருந்து, பக்கத்தில் வேறு முள்ளங்கி பூக்காமல் இருந்தால் அப்படியே வரும்.

மார்ச் 9

விதை அனுப்ப முடியுமா என்று தனித்தனியாக எழுதாதீர்கள். காய் இன்னும் காயவே இல்லை. காய்ந்து, அடித்து, புடைத்து, எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் சிவப்பு உருண்டையும் இதே நேரம் பூத்திருக்கிறது, அதனால் வெள்ளைதான் வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

இனிமேல் யாரும் முள்ளங்கி விதைக்க வேண்டாம். வெயில் வந்துவிட்டது. அதே பாத்தியில் எரு மட்டும் கொஞ்சம் கூட்டி வெண்டை ஊன்றுங்கள். வெண்டையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தனி இழை திறங்கள், இது ஏற்கெனவே நீளம்.